ஆட்கள் கிடைக்கவில்லை என்று எழுதினேன்

1. அட்டவணை

ஆரணியில் முப்பத்தெட்டு வருடம் விற்பனை வரி கன்சல்டன்டாக இருந்தேன். நான் ஆடிட்டர் இல்லை. எம்.காம். படித்து, வரி ஆபீஸில் ஆஜராக அனுமதிச் சீட்டு வாங்கியவன். ஆனாலும் ஊரில் எல்லோரும் ஆடிட்டர் சார் என்றே கூப்பிட்டார்கள். முதல் சில வருடம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். பொய்யைத் திருத்தாமல் விடுவது அங்கே தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். வரிச் சட்டத்தை நீங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அதில் இருக்காது.

வாட் வரி இருந்த காலம். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு சம்பந்தம் என் ஆபீஸுக்கு வந்தார். சேவூரில் நூல் முறுக்கு மில் வைத்திருந்தவர். பட்டு இழையும், செயற்கைப் பட்டான ஆர்ட் சில்க் இழையும் தனியாக இருந்தால் தறியில் நிற்காது. இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கேற்றி பாபினில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் அவருடைய மில். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். என் கட்சிக்காரர்களில் பெரியவர் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்து மாநிலத்தின் தொழில் துறை அதிகாரி ஒருவருடைய கார்டு.

"கூப்புடறாங்க ஆடிட்டர் சார். ஏழு வருஷத்துக்கு வாட் கிடையாதாம். கரன்ட்டுக்கு வரி கிடையாதாம். லேண்டு ரிஜிஸ்டர் பண்ணா ஸ்டாம்ப் டியூட்டியும் கிடையாதாம். லாரியில போனா ரெண்டு மணி நேரம். இன்னா சொல்றீங்க?"

நான் ஒரு வெள்ளைத் தாள் எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நம் மாநிலம், வலப்பக்கம் பக்கத்து மாநிலம். வாட், மின் வரி, பத்திரச் செலவு, நிலம், கடன் வட்டி என்று வரிசையாக எழுதினேன். வலப்பக்கம் எல்லாமே குறைவு.

இதோடு விட்டிருந்தால் நான் சாதாரண கன்சல்டன்ட். புத்திசாலியாக இருந்ததால் அந்தத் தாளை டைப் செய்து நம் மாவட்ட அதிகாரியிடம் கொண்டுபோனேன். "கம்பெனி போகப் போகிறது" என்று வருத்தமான முகத்தோடு சொன்னேன். அவர் பதறிப்போய் மேலிடத்தில் பேசி மின் கட்டணத்தில் சலுகை வாங்கித் தருவதாகச் சொன்னார். அதை இடப்பக்கத்தில் சேர்த்து, பக்கத்து மாநிலத்து அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே வலப்பக்கத்தில் இன்னொரு சலுகையைச் சேர்த்தார். இப்படி இரண்டு மாதம் அந்தத் தாள் போய்வந்துகொண்டிருந்தது. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே துண்டுகூடத் தேவைப்படவில்லை. இரண்டு அரசாங்கங்களும் தாங்கள் வாங்கவேண்டிய வரியை வாங்காமல் இருப்பதற்கு என் முன்னால் போட்டி போட்டன. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

"ஜெயிச்சவங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"மில் கிடைக்கும்."

"வரி இல்லாத மில்லா?"

மோர் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

2. ஒரு காரணம் வேண்டும்

வலப்பக்கம் ஜெயித்தது. ஆனால் அவர்களுடைய அரசாணையில் ஒரு நிபந்தனை இருந்தது. சலுகை புதிய தொழிலுக்கு மட்டும்தான். வேறு இடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த தொழிலுக்குக் கிடையாது. ஆகவே சேவூர் மில்லைப் பெயர்க்கக் கூடாது, மூட வேண்டும். மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

சம்பந்தமும் நானும் மில்லிலேயே இருந்த சின்ன ஆபீஸ் அறையில் உட்கார்ந்து லேபர் ஆபீஸுக்கு மூடல் கடிதம் தயாரித்தோம். வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நஷ்டம்னு எழுதலாமா?" என்று கேட்டேன்.

"நஷ்டம்னா அங்க பேங்க்ல லோன் குடுப்பானா சார்?"

"ஆர்டர் இல்லைன்னு?"

"ஆர்டர் இல்லாதவன் எதுக்கு அங்க போயி புது மில்லு கட்றான்னு கேப்பான்."

 பிறகு நானே சொல்லி நானே டைப் செய்தேன்: "இப்பகுதியில் போதிய ஆட்கள் கிடைக்காத காரணத்தால் மில்லைத் தொடர்ந்து நடத்த இயலவில்லை." சுவருக்கு அந்தப்பக்கம் நாற்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அருமை சார்" என்றார் சம்பந்தம். "யாரு மேலயும் தப்பு இல்ல பாருங்க."

பிரின்ட் எடுக்கும்போது கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். விஜயா. சேவூர்க்காரி. ஐந்தாம் நம்பர் முறுக்கு ஃபிரேமில் வேலை. முப்பது வயது தாண்டியிருக்கும். கணவர் விபத்தில் இறந்துவிட்டார், ஒரு மகள். பி.எஃப். பாரம் நிரப்புவது என் வேலை என்பதால் அந்தப் பெண்களின் பெயர், வயது, குடும்பம் எல்லாம் எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், மூடப் போறாங்கன்னு பேசிகிறாங்க. நெஜமா?"

நான் பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன். "எனக்கென்னம்மா தெரியும்?"

"மூடினா பி.எஃப். பணத்தை எடுத்துக்கலாம்னு மத்தவங்கல்லாம் சொல்றாங்க. நானும் எடுத்துக்கட்டுமா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு உண்மையான பதில் தெரியும். பத்து வருட சர்வீஸ் இருந்தால் மாதப் பென்ஷன் உண்டு. ஒன்பதரை ஆனாலே பத்தாகச் சேர்த்துக்கொள்வார்கள். விஜயாவுக்கு அப்போது எட்டு வருடத்துக்கு இரண்டு மாதம் குறைவு. எடுத்துவிட்டால் சர்வீஸ் போய்விடும்.

"எடுக்காதே. இன்னும் இருபது மாசம் சர்வீஸ் சேர்ந்தால் உனக்கு ஆயுசுக்கும் பென்ஷன். எங்கேயாவது வேலைக்குச் சேர்ந்து அந்த இருபது மாசத்தை முடிச்சுடு."

"சரிங்க சார். நீங்க சொன்னா சரியா இருக்கும்."

முப்பத்தொன்பது பேர் எடுத்துக்கொண்டார்கள். விஜயா எடுக்கவில்லை. ஆரணியைச் சுற்றிப் பி.எஃப். பிடிக்கும் இடத்தில் அவளுக்குத் தெரிந்த வேலை வேறெங்கும் இல்லை என்பதை அவளும் யோசிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. முடிச்சு

எங்கள் அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

முறுக்கும்போது இழை அடிக்கடி அறும். பக்கத்தில் நிற்கும் பெண் அந்த இழை சுற்றும் கதிரை மட்டும் நிறுத்தி, இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். முடிச்சு சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் தறியில் அச்சின் பற்களுக்கு நடுவே போகாமல் சிக்கி, இழை மறுபடியும் அறும். சேவூர்ப் பெண்கள் விரல் நுனியை நாக்கில் தொட்டு ஒரு முடிச்சுப் போடுவார்கள். போட்ட இடத்தைத் தேடினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆகும். இது சம்பந்தத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வரிச் சலுகை பேசியபோது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

பக்கத்து மாநிலத்தில் மில் ஓட ஆரம்பித்து இரண்டாவது மாதமே நூல் திரும்பி வந்தது. தறிக்குப் பாவு ஓட்டுகிற ஒருவர் பாபினைக் கொண்டுவந்து சம்பந்தத்தின் மேஜைமேல் உருட்டிவிட்டார். நானும் இருந்தேன்.

"இன்னாங்க இது, நூலா ருத்ராட்ச மாலையா? தறிக்காரன் இத வெச்சிகினு நெய்யறதா ஜெபம் பண்றதா?"

"ஒரு மாசம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஆளுங்க பழகிகினு இருக்காங்க."

"அவங்க பழகிக்கற வரைக்கும் எங்க வூட்ல பட்டினிக்குப் பழகணுமே."

சம்பந்தம் ஒரு வழி கண்டுபிடித்தார். பாபின்கள் வேனில் சேவூருக்கு வந்தன. பழைய பெண்களில் பன்னிரண்டு பேர் வீட்டில் ராட்டை வைத்து, நூலை மறுபடி சுற்றி, முடிச்சுகளை அவிழ்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். கூலி, பாபின் கணக்கில். ஆனால் சலுகை வேண்டுமென்றால் முழு உற்பத்தியும் அந்த மாநிலத்திலேயே நடக்க வேண்டும். எனவே வேனில் வரும் சரக்குக்கு வேலைக்கு அனுப்பியது என்று சீட்டுப் போட முடியாது. "பார்வைக்கான சாம்பிள்" என்று போட்டேன். வாரம் இரண்டு வேன் சாம்பிள். செக்போஸ்ட்டில் ஒருவர் மட்டும் ஒருமுறை, "உங்க ஊர்ல ரொம்ப நேரம் பாப்பாங்களோ?" என்று கேட்டாராம்.

அந்த நாட்களில் சேவூர் டவுன் பஸ்ஸில் விஜயாவைப் பார்த்தேன். மடியில் ஒரு பை நிறைய பாபின்.

"வேலை இருக்காம்மா?"

"இருக்குது சார். ஒரு கூத்து தெரியுமா? லேபர் ஆபீஸ்ல போயி நாயம் கேட்டோம். அங்க ஒரு லெட்டர படிச்சிக் காட்னாங்க. இங்க ஆளு கெடைக்கலன்னு மூடிட்டாங்களாம். கெடைக்காத ஆளுங்க வூட்டுக்குத்தான் வாரத்துக்கு ரெண்டு வாட்டி வேன் வந்துகினு கீது."

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். விஜயாவும் சிரித்தாள்.

"எவனோ படிச்சவன் எழுதிக் குடுத்துகிறான் சார். எங்கள ஒரு வாட்டி வந்து பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கி நடந்தேன்.

4. புதிய தொழில் வந்தது

ஏழு வருடம் முடிந்தது. அதற்குள் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. நாடு முழுக்க ஒரே வரி, இனிமேல் மாநிலங்கள் போட்டி போட முடியாது, உன் பிழைப்புப் போச்சு என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் மாநிலங்கள் என்னைக் கைவிடவில்லை. வரியை வாங்கி, தங்கள் பங்கை மானியம் என்ற பெயரில் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்க வழி செய்தார்கள்.

இந்த முறை நம் மாநிலத்தின் திட்டம் நன்றாக இருந்தது. சம்பந்தம் வந்தார். நான் தாள் எடுத்து நடுவில் கோடு போட்டேன். இப்போது இடப்பக்கம் ஜெயித்தது. பக்கத்து மாநிலத்து மில் மூடப்பட்டது. அங்கே ஏழு வருடத்தில் முடிச்சுப் போட ஓரளவு கற்றுக்கொண்டிருந்த பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அந்த மூடல் கடிதத்தை அந்த ஊர் கன்சல்டன்ட் எழுதினார். என்ன காரணம் எழுதினார் என்று ஃபோனில் கேட்டேன். "ஆட்கள் கிடைக்கவில்லை" என்றார். எங்கள் தொழிலில் நல்ல வாசகம் வீணாகாது.

சேவூரில் அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்து, அதே ஃபிரேம்களுக்குப் பெயின்ட் அடித்து, புதுக் கம்பெனிப் பெயரில் பலகை மாட்டினார்கள். ஷாமியானா போட்டுத் திறப்பு விழா. ஆரணிக்குப் புதிய தொழில் வந்துவிட்டது என்று மேடையில் பேசினார்கள். கூட்டத்தில் ஒருவர், "இந்தப் புதுத் தொழில்ல எங்க அம்மா எட்டு வருஷம் வேலை செஞ்சாங்க" என்றது மைக்கில் விழவில்லை.

மானிய விண்ணப்பத்துக்காகப் பழைய கடிதத்தின் ஃபைலையே கம்ப்யூட்டரில் திறந்தேன். "போதிய ஆட்கள் கிடைக்காத காரணத்தால்" என்பதை அழித்து, "திறமையான பெண் தொழிலாளர்கள் ஏராளமாகக் கிடைக்கும் காரணத்தால்" என்று மாற்றினேன். மீதி அப்படியே பொருந்தியது.

இந்தத் திட்டத்திலும் ஒரு நிபந்தனை. வேலைக்கு எடுப்பவர்கள் எல்லோரும் புதியவர்களாக இருக்க வேண்டும். விஜயா விண்ணப்பத்தோடு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"இருவது மாசம்தான் சார் எனக்கு வோணும். அப்பறம் நிறுத்தினாக்கூட பரவால்ல."

அவள் வெளியே போனதும் சம்பந்தம் சொன்னார்: "பழைய ஆளு ஒருத்தி ரோல்ல இருந்தாலும் போச்சு சார். பழைய மில்லுதானேன்னு கேப்பான். மொத்த சலுகையும் பேஜாராயிடும்."

"அப்படியானால் முடிச்சு?"

 புதுப் பெண்களுக்கு முடிச்சு தெரியாது. இந்த முறை அவரும் அதை மறக்கவில்லை. "கூலிய வவுச்சர்ல போட்டுடுங்க. பயிற்சியாளர், வெளி ஆள்னு. ஜல்தி எழுதுங்க, நாளைக்கே வரட்டும்."

எழுதினேன். விஜயா தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, ஐந்தாம் நம்பர் ஃபிரேமில் நின்று, ஷிஃப்ட் முழுவதும் வேலை செய்து, நடுநடுவே புதுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். பி.எஃப். இல்லை. சட்டப்படி அவள் அந்த மில்லின் தொழிலாளி இல்லை. என் வவுச்சர்படி அவள் அங்கே வந்துபோகிற விருந்தாளி.

5. மூன்று தாள்கள்

பத்து மாதம் கழித்து, கண் ஆபரேஷனுக்காக நான் தொழிலை நிறுத்தினேன். அடுத்த மாதம் விஜயா என் வீட்டுக்கு வந்தாள். கையில் வவுச்சர் நகல்கள்.

"நான் தெனம் வேலை செஞ்சிகினுதான் இருக்கிறேன் சார். ஆனா சர்வீஸ் ஏறல. மனு எழுதணும். உங்கள விட்டா யாரத் தெரியும்?"

இந்த இடத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அதைத்தான் முதலில் நினைத்தேன். பேனாவை எடுத்து "ஐயா" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்துவந்து முதல் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் நிதானமாகப் படித்தாள்.

"இது லேபர் ஆபீஸ்ல படிச்ச லெட்டரு."

"நான் எழுதினது."

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தேதி இருக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

"பி.எஃப். எடுக்காதன்னு எனக்குச் சொன்னதும் நீங்கதானே சார்."

"ஆமாம்மா."

"இதே நாளு."

"ஆமாம்."

அவள் கடிதத்தை மடித்து என் மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கினாள்.

"எழுதுங்க" என்றாள். "இத்தயாவது தப்பில்லாம எழுதுங்க."

பி.எஃப். ஆபீஸ் விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி விஜயாவின் மனுவோடு நான் இணைத்திருந்த மூன்று தாள்களையும் வரிசையாக வைத்தார். ஒன்றில் இந்த ஊரில் ஆட்கள் கிடைக்கவில்லை. இன்னொன்றில் ஏராளமாகக் கிடைக்கிறார்கள். மூன்றாவதான வவுச்சரில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் தொழிலாளியே இல்லை.

"மூணும் உங்க டிராஃப்டிங்கா சார்?"

"ஆமாங்க."

"எது உண்மை?"

"ரெண்டாவது மட்டும். அதுவும் நான் உண்மைன்னு எழுதல, தேவைப்பட்டதுன்னு எழுதினேன்."

"இத எழுத்துல குடுத்தா உங்களுக்கே பிரச்சனை வரலாம். தெரியுமில்ல?"

தெரியும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். சம்பந்தம் வாசலில் நின்றிருந்தார். "முப்பது வருஷம் உங்க உப்ப தின்னேன்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்லணுமா ஆடிட்டர் சார்?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். 

எனக்கு ஒரு பிரச்சனையும் வரவில்லை. இரண்டு மாநிலங்களும் தங்கள் பட்டியலில் அந்த மில்லை "வந்த தொழில்" என்று ஏற்கெனவே காட்டிவிட்டன. போன தொழிலுக்கு யாரிடமும் பட்டியல் இல்லை. எனவே என் குற்றத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

விஜயாவுக்கு உத்தரவு சாதகமாக வந்தது. அதுவரை அவள் வேலை செய்த பதின்மூன்று மாதத்தையும் சர்வீஸாக எடுத்துக்கொண்டார்கள். ரோலில் சேர்க்கவும் சொன்னார்கள். சம்பந்தம் சேர்த்தார். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சலுகையும் போகவில்லை. இருபதில் பதின்மூன்று போனால் ஏழு. இன்னும் ஏழு மாதம் அவள் ஐந்தாம் நம்பர் ஃபிரேமில் நிற்க வேண்டும்.

போன வாரம் காய்கறி வாங்கப் போனபோது என் இடத்தில் இப்போது இருக்கும் இளைஞரைப் பார்த்தேன். கெட்டிக்காரர். சி.ஏ. முடித்தவர். வேறொரு மாநிலத்திலிருந்து சம்பந்தத்துக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், அங்கே இன்னும் கொஞ்சம் வரியைக் குறைத்தால் இங்கே மானியம் முடியும்வரைகூட அவர் காத்திருக்க மாட்டார் என்றும், அதற்காக இப்போதே கம்பேரிசன் தயார் செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். என் பழைய அட்டவணைதான் மாடல் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அட்டவணையில் ஆட்களுக்கும் ஒரு வரி சேருங்கள், எண்ணிக்கையாக இல்லாமல் பெயராக எழுதுங்கள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்கு நாற்பது பெயரும் தெரியும். தெரியாமல் எழுதியவன் இல்லை நான். ஆகவே என்னிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றே ஒன்று இருக்கிறது: பெயர் தெரிந்திருப்பது போதாது. கவிழ்த்து வைக்க வேண்டிய தாளை டைப் செய்யாதீர்கள்.

காலையில் பேப்பர் வந்ததும் முதலில் வணிகப் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன். எந்த மாநிலத்தில் முதலீட்டாளர் மாநாடு, யார் எதைக் குறைத்தார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். முப்பத்தெட்டு வருடம் குறைந்த வரியைத் தேடிப் பிழைத்தவன் நான். இப்போது தினமும் ஒரே ஒரு வேண்டுதல்தான். ஏழு மாதத்துக்கு எந்த மாநிலமும் வரியைக் குறைக்காமல் இருக்க வேண்டும்.